எல்லை வேலியும் தேசவழமையும்

வேலி என்னுஞ் சொல் காப்பினையும் எல்லையினையும் ஒருங்கே குறிப்பது. சோழநாட்டில் அதுவே ஆறரை ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நில அளவைக்கும் பெயராயிற்று.

யாழ்ப்பாணத்து வேலி பெரும்பாலும் உயிருள்ளது. பூவரசு, கிளுவை, முள்முருக்கு முதலியவற்றின் கதியால்களை வரிசையாக நட்டு, இடைவெளியைப் பனையோலையாலோ கிடுகாலோ அடைப்பர். கதியால் வேரூன்றித் தழைக்கும், அதன் குழை தோட்டத்திற்கு எருவாகும், ஆட்டிற்கு உணவாகும். ஆயினும் தழைக்கும் வேலி நின்றவிடத்தில் நில்லாது. அடி பருக்கும், பட்டுப்போன கதியாலுக்குப் பதில் புதியது நடுங்கால், அஃது ஒரு சாண் அப்பால் ஊன்றப்படுதலும் உண்டு. இதனையே ஊரார் வேலி அரக்குதல் என்பர்.

ஏக்கரில் 16இல் ஒரு கூறாகிய பரப்பு, சதுரமாயின் பக்கம் ஏறத்தாழ 52 அடி உடையது. ஒரு பக்கத்து வேலி ஓரடி நகரின் 52 சதுர அடி நிலம் கைமாறும். சீதனமாகவும் முதுசமாகவும் தலைமுறைதோறும் காணி துண்டுபட்ட நாட்டில் இவ்விழப்புச் சிறிதன்று.

1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்சு தொகுத்த தேசவழமை இவ்வயன்மையைக் கருத்திற் கொண்டது. எல்லையருகே ஒருவன் நட்ட கனிமரம் சாய்ந்து அடுத்த காணிக்குள் வளரினும், கனி நட்டவனுக்கே உரியதென அது விதித்தது. காணியை விற்பவன் உரித்தாளர்க்கும் பங்காளர்க்கும் மட்டுமன்றி, அதனை ஈடாகப் பெற்றிருந்த அயலவர்க்கும் முன்னறிவித்தல் வேண்டும் என்றது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் இவ்வழமைக்குச் சட்டவலு அளித்தனர். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டமோ முன்கொள்ளும் உரிமையினின்று அயலவரை நீக்கிற்று.

இதனிடையே 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரியவனுக்கு மாறாகப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவன் ஆட்சியுரிமை பெறலாம் என வகுத்தது. ஆதலின், அரக்கிய வேலியைக் கண்டும் வாளாவிருப்பவன் தன் நிலத்தையே இழத்தல் கூடும். வேலிச் சண்டைகள் நீதிமன்றம் ஏறுதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அதே ஒல்லாந்தக் கும்பனி 1660இல் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் காட்டு வாதுமை வேலி நட்டது. அவ்வேலி மண்ணின் மக்களை விலக்கவே எழுந்தது. அதன் ஒரு பகுதி இன்றும் உயிரோடுள்ளது. யாழ்ப்பாணத்து வேலியிலோ அயலார் போய்வரப் பொட்டு ஒன்று விடப்படுவதுண்டு. நெருப்பெடுக்கவும் நோய் வினாவவும் அவ்வழியே சென்றனர்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பேலியகொடையிலும் நெருங்கிய மனைகளைப் பிரிப்பது மதிலே. மதில் தழைப்பதில்லை, அரக்குவதும் எளிதன்று. வழக்குக் குறைதல் அதனால் வரும் நன்மை. பொட்டு இன்மை அதற்கு ஈடாகக் கொடுத்த விலை எனலாம்.