தென்காசி மாவட்டத்தில் குழந்தைகள் நலப் பரிசோதனை (கோவிட்-19 காலம்)

தென்காசி மாவட்டத்தில் குழந்தைகள் நலப் பரிசோதனை என்பது, பிறப்பு முதல் 18 அகவை வரையிலான சிறாரிடம் பிறவிக் குறைபாடு, ஊட்டக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றை முன்கூட்டியே கண்டறியும் பணியாகும். இது 2013 இல் இந்திய அரசு தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் (ராஷ்டிரிய பால சுவாஸ்திய காரியக்கிரம்) ஒரு பகுதி ஆகும். கோவிட்-19 பெருந்தொற்றின்போது இப்பணி பெரும் இடர்ப்பாட்டைச் சந்தித்தது.

செயல்முறை

பிறந்த குழந்தையை மகப்பேறு நடைபெறும் மருத்துவமனையிலேயே சோதிப்பர். அதன் பின்னர் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் அடங்கிய நடமாடும் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்லும். சிறார் ஓரிடத்தில் கூடுவதே இம்முறையின் அடிப்படை.

பெருந்தொற்றுக் காலம்

தென்காசி, நவம்பர் 22, 2019 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. நான்கே மாதங்களில், மார்ச் 25, 2020 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. பள்ளிகளும் அங்கன்வாடிகளும் மூடப்பட்டதால் குழு செல்வதற்கு இடமே இல்லாமற் போனது. அங்கன்வாடி உணவு உலர்பொருளாக வீடு சென்றது. பரிசோதனையை அவ்வாறு அனுப்ப இயலாது. ஏப்ரல் 2020 இல் தொடங்கிய இ-சஞ்சீவனி தொலைமருத்துவம் ஆலோசனைக்கு உதவியது. எனினும் இதய முணுமுணுப்பையோ இடுப்பு மூட்டு விலகலையோ தொலைவிலிருந்து அறிய முடியாது.

மேல்சிகிச்சைக்கான திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தென்காசியிலிருந்து ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில் உள்ளது. மாவட்டங்களுக்கு இடையிலான பேருந்துகள் செப்டம்பர் 7, 2020 அன்று மீண்டும் ஓடத் தொடங்கின. வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்கள் மிகுந்த இம்மாவட்டத்தில், குழந்தையுடன் நகரம் செல்வது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். குற்றால அருவிகளில் குளிக்கத் தடை நீடித்தமையால் சாரல் பருவத்தை நம்பிய சிறு வணிகரின் வருவாயும் குன்றியது.

காலக்கெடு

தாமதத்தின் விளைவு எல்லாக் குறைபாடுகளுக்கும் ஒன்றன்று. குறைமாதக் குழந்தையின் விழித்திரைச் சோதனை பிறந்த 30 நாட்களுக்குள் நடைபெற வேண்டும். தவறினால் பார்வை மீளாது போகலாம். பிறவித் தைராய்டு குறைபாட்டிற்கு முதல் இரு வாரங்களிலேயே மருந்து தொடங்குவது நன்று. காது கேளாமையை மூன்று மாதத்திற்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்திற்குள் கருவியோ பயிற்சியோ அளிக்க வேண்டும். வளைபாதத்திற்கு மாவுக்கட்டு எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறதோ அவ்வளவு எளிது.

தடுப்பூசி தவறினால் அட்டையில் வெற்றிடம் தெரியும். 2021 இல் உலகெங்கும் 2.5 கோடி குழந்தைகள் முத்தடுப்பு ஊசியின் ஒரு தவணையையேனும் தவறவிட்டதை இவ்வகைப் பதிவுகளிலிருந்தே கணிக்க முடிந்தது. பரிசோதனை தவறிய குழந்தையின் குறையோ அது முற்றும் வரை எப்பதிவிலும் ஏறுவதில்லை.

மீள்திறப்பு

தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் நவம்பர் 1, 2021 அன்று திறக்கப்பட்டன. சனவரி 2022 இல் மீண்டும் மூடப்பட்டுப் பிப்ரவரி 1 அன்று திறந்தன. 2020 இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, பள்ளியின் கண் சோதனை அட்டையை முதன்முறை காணும்போது ஏழு அகவையை நெருங்கியிருக்கும். சோம்பல் கண்ணுக்குச் சிகிச்சை நன்கு பயன்தரும் காலம் ஏறக்குறைய அந்த அகவை வரையே.