சட்டப் பலகை அமைப்பு

சட்டப் பலகை அமைப்பு என்பது மரச் சட்டங்களால் ஆன கூட்டினுள் ஒரு பலகையை ஒட்டாமலும் ஆணி அடிக்காமலும் பொருத்தும் தச்சு முறையாகும். கதவுகள், அலமாரிகள் முதலியன இம்முறையில் செய்யப்படுகின்றன. சட்டங்களின் உட்பக்கத்தில் வெட்டப்படும் நீண்ட பள்ளம் காடி எனப்படும். பலகையின் விளிம்பு இக்காடியினுள் சற்று நகரும்படி அமர்ந்திருக்கும்.

நோக்கம்

மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று விரியும்; ஈரத்தை இழந்து சுருங்கும். இம்மாற்றம் நாரின் நீளவாக்கில் மிகக் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம். அகலமான பலகையை அசையாதவாறு பிணைத்தால், வறண்ட காலத்தில் பலகை வெடிக்கும். மழைக்காலத்தில் சட்டத்தின் மூட்டு விலகும். தடிமனைக் கூட்டுவதால் இம்மாற்றம் நீங்காது. மாறாக, இடமின்றி இறுகிய தடித்த பலகை சட்டத்தைக் கூடுதல் விசையுடன் தள்ளும்.

தடிமனைத் தேர்தல்

காடியின் அகலம் பொதுவாகச் சட்டத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காகும். 20 மி.மீ. சட்டத்திற்கு 6 மி.மீ. காடி பொருந்தும். பலகையை மூன்று வகையாக அமைக்கலாம்:

* தட்டைப் பலகை: முழுவதும் காடியின் அளவான 6 மி.மீ. தடிமன். சிறிய, எடை குறைந்த கதவுகளுக்கு ஏற்றது.
* புடைப்புப் பலகை: நடுவில் 12 முதல் 18 மி.மீ. வரை, விளிம்பு மட்டும் 6 மி.மீ. அளவிற்குச் சீவப்படும். உறுதியும் அழகும் கூடும்.
* ஒட்டுப்பலகை: 4 முதல் 6 மி.மீ. வரை. அடுக்குகளின் நார்கள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் விரிவு மிகக் குறைவு. எனவே காடியில் ஒட்டலாம்.

நீலகிரியில் பயன்பாடு

உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகளின்போது இங்கு காற்றின் ஈரப்பதம் உயர்ந்தும், சனவரி முதல் மார்ச்சு வரை தாழ்ந்தும் இருக்கும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும், ஆசுத்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக் மரமும் பலகைக்கு உதவுகிறது. எம்மரமாயினும் நன்கு உலர்த்திய பின்னரே அறுத்து இணைக்க வேண்டும்.

300 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈர அளவு 5 விழுக்காடு மாறினால், அகலம் சுமார் 3 மி.மீ. வரை மாறக்கூடும். ஆகவே வறண்ட மாதங்களில் செய்யும்போது பலகையின் இருபுறமும் காடியில் இடைவெளி விட வேண்டும். மழைக்காலத்தில் செய்தால் பலகை பின்னர் சுருங்கும். அப்போது விளிம்பு வெளியே வந்துவிடாதபடி காடி ஆழமாக இருத்தல் வேண்டும். குன்னூரில் மழைக்காலத்தில் செய்த அலமாரியைக் கோயம்புத்தூர்ச் சமவெளிக்குக் கொண்டு செல்லும்போதும் இதே நிலை ஏற்படும். கூட்டில் பொருத்துமுன் பலகையின் விளிம்புவரை மெருகு பூசினால், சுருங்கும்போது பூசப்படாத கோடு வெளியே தெரியாது.