லீவு விட்டாச்சு... எங்கே போகலாம்? ஓசூர், கிருஷ்ணகிரி மக்களுக்கு டேம் முதல் வெளிநாடு வரை சுற்றுலா வழிகாட்டி

ஓசூர்,

ஓசூர் சிப்காட் பகுதியில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கு லீவு கிடைப்பதே பெரிய விஷயம். பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, அப்பாவுக்கு செவ்வாய்க்கிழமை லீவு என்று இருக்கும் வீடுகள் இங்கு ஏராளம். ஆயுதபூஜை, பொங்கல், கோடை விடுமுறை என்று ரெண்டு மூணு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால்தான் குடும்பத்தோடு வெளியே கிளம்ப முடிகிறது. அந்த நாளையும் டிராபிக்கிலும், மூடிக்கிடக்கும் கேட் முன்பும் கழித்துவிட்டு திரும்புபவர்கள் பலர். அவர்களுக்காக பக்கத்து டேம் முதல் தூர தேசம் வரை போகக்கூடிய இடங்களும், கவனிக்க வேண்டிய விஷயங்களும் இங்கே தொகுத்து தரப்படுகிறது.

டேமும் மீன் வறுவலும்

செலவு இல்லாமல் ஒரு நாள் ஓய்வு போதும் என்பவர்களுக்கு கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைதான் முதல் சாய்ஸ். தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட இந்த அணை 1957-ம் ஆண்டு காமராஜர் முதல்-அமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்டது. முழு கொள்ளளவு உயரம் 52 அடி. பூங்காவில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு, கரையில் உள்ள கடைகளில் சுடச்சுட மீன் வறுவல் வாங்கி சாப்பிட்டு வருவதற்கே திருப்பத்தூர், தர்மபுரியில் இருந்தெல்லாம் ஆட்கள் வருகின்றனர்.

2017 நவம்பரில் இந்த அணையின் மதகு ஒன்று உடைந்து, தேங்கி இருந்த தண்ணீர் வீணாக வெளியேறியது குறிப்பிடத்தக்கது. அதன்பிறகு மதகுகள் புதிதாக மாற்றப்பட்டன. இங்கே மழை பெய்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பெண்ணையாறு உற்பத்தியாவது கர்நாடகத்தின் நந்திமலை பக்கம். அங்கும் பெங்களூருவிலும் கனமழை கொட்டினால் ஓசூர் கெலவரப்பள்ளி அணை நிரம்பி, தண்ணீர் இங்கே வந்து சேரும். அப்போது அணைக்கு முன்புறம் உள்ள தரைப்பாலம் மூழ்கும், பூங்காவும் மூடப்படும்.

கெலவரப்பள்ளி அணை ஓசூர்க்காரர்களுக்கு கூப்பிடு தூரம்தான். ஆனால் பெங்களூரு கழிவுநீர் கலந்து ரசாயன நுரை மலைபோல் பொங்கும் நாட்களில் அந்த பக்கம் போகாமல் இருப்பது நல்லது. நுரையில் நின்று போட்டோ எடுப்பதும் வேண்டாம், தோலுக்கு ஆகாது. படகு சவாரி வேண்டும் என்றால் கிருஷ்ணகிரி அவதானப்பட்டி ஏரி படகு இல்லம் இருக்கிறது.

கோட்டை ஏறலாம்

கால் வலி இல்லாதவர்கள் ராயக்கோட்டை மலைக்கோட்டை ஏறி பார்க்கலாம். தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ள இந்த கோட்டையை திப்பு சுல்தானுடன் நடந்த போரில் 1791-ல் ஆங்கிலேய படை பிடித்தது. அதே ஆண்டு கிருஷ்ணகிரி கோட்டை மீதும் ஆங்கிலேயர் பாய்ந்தனர். ஆனால் அங்கே பாச்சா பலிக்காமல் பின்வாங்கினர். மறு ஆண்டு போட்ட ஒப்பந்தத்தில்தான் பாராமகால் பகுதி முழுவதும் அவர்கள் கைக்கு போனது. கிருஷ்ணகிரிக்காரர்கள் இதை கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

காலை 9 மணிக்குள் ஏறிவிட வேண்டும். பாறை சூடேறினால் இறங்குவது கஷ்டம். மேலே கடை எதுவும் கிடையாது, தண்ணீர் பாட்டில் கீழேயே வாங்கிவிடுங்கள். ஓசூரில் இருந்து ராயக்கோட்டை போகும் வழியில் சானமாவு காடு வரும். அதை கீழே தனியாக பார்ப்போம்.

ஒகேனக்கல்

பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில் இருந்தாலும் ஒகேனக்கல் நம்ம ஊர் இடம்தான். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை. பாறையில் காவிரி விழுந்து புகைபோல் எழும்புவதால் இந்த பெயர். ஓசூரில் இருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக போனால் தர்மபுரியை சுற்ற வேண்டியதில்லை. ஆனால் அது காட்டு ரோடு.

எண்ணெய் மசாஜ், அருவி குளியல், பரிசல், மீன் குழம்பு. இந்த நாலுக்கும்தான் கூட்டம். மீனை வாங்கி கொடுத்தால் அங்குள்ள பெண்களே சமைத்து தருவார்கள். விலையையும் சமையல் கூலியையும் முதலிலேயே பேசிக்கொண்டால் பிறகு சண்டை வராது. பரிசலுக்கு கவுண்டரில் நிர்ணயித்த கட்டணத்தை கட்டி டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுவதே பாதுகாப்பு. "ஐந்தருவி வரை கூட்டிப்போறேன், தனியா வாங்க" என்று ஓரமாக அழைப்பவர்களிடம் சிக்க வேண்டாம். லைப் ஜாக்கெட் போட்டுத்தான் ஏற வேண்டும். புழுக்கமாக இருக்கிறது என்று பாதி வழியில் கழற்றுபவர்கள் உண்டு. காவிரியில் பாறை இடுக்கில் இழுத்துக்கொண்டால் நீச்சல் தெரிந்தவருக்கும் தப்பிக்க வழி கிடையாது. செல்பி எடுக்க பாறை விளிம்புக்கு போய் வழுக்கி விழுந்தவர்கள் செய்தி ஆண்டுதோறும் வந்தபடிதான் இருக்கிறது.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பி உபரி நீர் திறக்கப்படும். பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து கூடியதும் குளிக்கவும், பரிசல் இயக்கவும் கலெக்டர் தடை விதிப்பார். அது தெரியாமல் வேன் பிடித்து வந்து, தடுப்பு கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்துவிட்டு திரும்பும் குடும்பங்கள் நிறைய. கிளம்பும் அன்று காலையில் நீர்வரத்து செய்தியை பார்த்துவிட்டு வண்டி எடுக்கவும்.

யானை வரும் ரோடு

கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டில் இருந்து ஆண்டுதோறும் யானை கூட்டம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு காடுகளுக்கு இடம்பெயர்ந்து வருவது வழக்கம். ராகி கதிர் முற்றும் அக்டோபர் முதல் ஜனவரி வரை நடமாட்டம் அதிகம். பேரண்டப்பள்ளி அருகே தேசிய நெடுஞ்சாலையையே யானைகள் கடப்பது உண்டு. 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என ரெண்டு வனவிலங்கு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டதும் இந்த பகுதியில்தான்.

அஞ்செட்டி, தளி, பெட்டமுகிலாளம் பக்கம் பைக்கில் போகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் காட்டை தாண்டிவிட வேண்டும். யானையை கண்டால் ஹாரன் அடிப்பதோ, லைட்டை அடித்து விரட்டுவதோ, இறங்கி வீடியோ எடுப்பதோ கூடாது. தூரத்திலேயே நிறுத்தி, அது போகும்வரை பொறுத்திருப்பதே வழி. ராகி காவலுக்கு போன விவசாயிகள் எத்தனையோ பேர் யானை மிதித்து உயிரை விட்ட ஊர்கள் இவை. நாம் கூச்சல் போட்டு மிரளவிட்ட யானை அடுத்து போய் நிற்பது அவர்கள் வயலில்தான்.

எல்லை தாண்டினால்

ஜூஜூவாடியை தாண்டினால் கர்நாடகம். பன்னர்கட்டா பூங்கா, நந்திமலை, மைசூரு எல்லாம் ஒரே நாளில் போய் வரக்கூடியவை. ஆனால் செவ்வாய்க்கிழமை லீவுக்காரர்கள் கவனிக்க. பன்னர்கட்டா உயிரியல் பூங்காவுக்கும், மைசூரு மிருகக்காட்சி சாலைக்கும் அன்றுதான் வார விடுமுறை. மைசூரு அரண்மனை விளக்கு அலங்காரம் பார்க்க ஞாயிறு மாலை போக வேண்டும். கிருஷ்ணகிரி பக்கத்தினர் கோலார் தங்கவயல் போகலாம். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டாலும் தமிழ் பேசும் மக்கள் இன்றும் அங்கே இருக்கின்றனர். அருகில் கோடிலிங்கேஸ்வரர் கோவிலும் உண்டு.

வாடகை வேனுக்கு அகில இந்திய பர்மிட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவும். இல்லாவிட்டால் எல்லையில் தற்காலிக பர்மிட், வரி என்று செலவு கூடும். குறைந்த வாடகை என்று வெள்ளை போர்டு காரை எடுத்தால், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பது சிக்கல். காவிரி பிரச்சினை சூடாக இருக்கும் நாட்களில் பயணத்தை தள்ளிப்போடலாம். 2016 செப்டம்பரில் பெங்களூருவில் தமிழக பதிவெண் வண்டிகள் எரிக்கப்பட்டதையும், பஸ் நின்றுபோய் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு அத்திப்பள்ளி வரை நடந்ததையும் இந்த ஊர் மறக்கவில்லை.

மலையேற்றம்

திரில் வேண்டும் என்பவர்கள் நினைத்த காட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. 2018 மார்ச் 11-ந்தேதி தேனி குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் பலியான பிறகு விதிமுறைகள் கடுமையாகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்ற பாதைகளை ஆன்லைன் முன்பதிவுடன் திறந்தது. அதில் நம்ம மாவட்டத்தின் குத்திராயன் சிகரமும், அய்யூர் - சாமிஏரி பாதையும் அடக்கம். காட்டுத்தீ சீசனில் இவை மூடப்படும். ஊட்டி, கொடைக்கானல் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. அது ஓட்டல் ரூம் போடும்போதே எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம். பாஸ், கூட்டம் எல்லாம் தலைவலி என்றால் 14 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலகிரியில் ஒரு ராத்திரி தங்கி வரலாம். கிருஷ்ணகிரியில் இருந்து பக்கம்தான்.

தூர பயணம்

ஓசூரில் ரெயில் ஏறினால் தர்மபுரி, சேலம் வழியாக தெற்கே தூத்துக்குடி, நாகர்கோவில் வரை போகலாம். திருச்செந்தூர், கன்னியாகுமரி போக இதுவே சுலபம். முன்பதிவு காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளில் இருந்து 60 நாளாக குறைக்கப்பட்டுள்ளது. கிருஷ்ணகிரிக்காரர்கள் நிலைமைதான் பாவம். திருப்பத்தூரில் இருந்து வந்த பழைய சின்ன ரெயில் பாதை சுதந்திரத்துக்கு முன்பே மூடப்பட்டது. 2004-ல் மாவட்ட தலைநகரம் ஆன பிறகும் தண்டவாளம் வரவில்லை. ரெயில் பிடிக்க ஓசூர், தர்மபுரி அல்லது ஜோலார்பேட்டை போக வேண்டும்.

வெளிநாடு ஆசை உள்ளவர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு அளித்தது. இந்த மாதிரி சலுகைகள் அடிக்கடி மாறும் என்பதால் டிக்கெட் போடும் முன் விசாரிக்கவும். பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் கெடு பாக்கி இருக்க வேண்டும். ஓசூரில் 2,000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டசபையில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அது வரும் வரை தேவனஹள்ளிதான். பெங்களூரு நகரத்தை முழுசாக குறுக்கே கடக்க வேண்டும் என்பதால் விமானம் புறப்பட 6 மணி நேரம் முன்பே ஓசூரில் இருந்து கிளம்பிவிடுங்கள்.