புட்டியும் கப்பலும்

புதுக் கப்பலை நீரில் இறக்குங்கால் அதன் முகப்பில் ஒரு புட்டி மதுவை உடைத்துப் பெயரிடுவது மேலை நாட்டார் மரபு. புட்டி உடையாவிடின் தீக்குறி என மாலுமிகள் அஞ்சுவர். நேயர்களே, அவ்வச்சம் நம்மைத் தடுக்க வேண்டுவதில்லை. புட்டியினால் நேர்ந்த கூத்தோ கேட்கத் தக்கது.

1843 ஜூலை 19. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், புரூனல் என்னும் பொறியியல் மேதை சமைத்த 'கிரேட் பிரிட்டன்' காத்திருந்தது. நீளம் 322 அடி. உடல் முழுதும் இரும்பு. பக்கச் சக்கரங்களின்றி, நீருக்கடியில் சுழலும் திருகினால் ஓடுவது. அந்நாளில் உலகிற் பெரிய கப்பல் அதுவே. விக்டோரியா அரசியாரின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் இலண்டனிலிருந்து இரயிலேறி விழாவுக்கு வந்தார். அவ்விருப்புப் பாதையும் புரூனல் அமைத்ததே.

பெயரிடும் பேறு, நகரின் நாடாளுமன்ற உறுப்பினருடைய அன்னையாரான கிளாரிசா மைல்ஸ் அம்மையாருக்கு வாய்த்தது. அம்மையார் புட்டியை ஓங்கி வீசினார். அந்தோ! கப்பலை இழுத்துச் செல்ல நின்ற 'ஆவன்' என்னும் நீராவிப் படகு, அதற்குள் இழுக்கத் தொடங்கியிருந்தது. குழந்தையின் காதில் பெயரைச் சொல்லுமுன் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தாற் போலாயிற்று! புட்டி பத்தடி இப்பால், உடையாமலே நீரில் வீழ்ந்தது. விரைந்து வேறொரு புட்டி கொணர்ந்தனர். இளவரசரே அதனை வாங்கி வீசியெறிய, இரும்பில் மோதிச் சிதறியது.

ஆவனின் அவசரம் அத்துடன் முடியவில்லை. கரையோடு பிணித்த கயிறுகளை அவிழ்க்குமுன்னரே இழுத்தமையால், இழுவடம் அறுந்தது. தாமதம் நீண்டது. இளவரசருக்கோ இரயிலுக்கு நேரமாயிற்று. விழாவின் முடிவைக் காணாமலே திரும்பினார். பின்னர், துறைமுக மடைவாயில் கப்பலுக்குப் போதாதெனக் கண்டு, 1844 டிசம்பரில் மடையின் கற்களைப் பெயர்த்தே அதனை வெளியேற்றினர்!

இவையெல்லாம் நகைத்து விடத் தக்கவை. அடுத்தது அத்தகையதன்று.

அதே புரூனல், தேம்ஸ் ஆற்றங்கரையில் மில்வால் என்னுமிடத்தில் 692 அடிக் கப்பலொன்றைக் கட்டினார். 1857 நவம்பர் 3 அன்று அதனை ஆற்றில் இறக்க முயன்றார். தம் ஆணைகள் தொழிலாளர் செவியில் விழ, அமைதி வேண்டுமென்றார். கம்பெனியாரோ அவரறியாமல் 3,000 நுழைவுச் சீட்டுகளை விற்றிருந்தனர். வேலைத்தலத்தைக் காட்சிக் கொட்டகையாக்கியது தகாத செயல் என்பதே என் கருத்து.

ஹென்றியேட்டா ஹோப் என்னும் இளமங்கை, 'லெவையதான்' என்று பெயரிட்டாள். 'கிரேட் ஈஸ்டர்ன்' என்றே அதுகாறும் கேட்டிருந்த மக்கள் திகைத்தனர். இம்முறை சடங்கில் குறையேதுமில்லை. கப்பல்தான் சில அடி நகர்ந்து நின்றுவிட்டது. சங்கிலி சுற்றும் பொறியின் கைப்பிடிகள் எதிர்ப்புறமாகச் சுழன்று தொழிலாளரைத் தூக்கியெறிந்தன, உயிரிழப்பும் நேர்ந்தது.

நீர்விசைப் பொறிகளால் அங்குலம் அங்குலமாகத் தள்ளி, 1858 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமையன்று, ஆற்றில் நீர் ஏறிய வேளையில் அதனை மிதக்கவிட்டனர். பெயர் முன்னரே சூட்டியாயிற்று, அதுவும் நிலைக்கவில்லை. இன்றளவும் வரலாறு அதனைக் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்றே வழங்குகிறது.