தலைமையாசிரியரை அளக்க எந்த ஊர் அளவுகோல்?

நல்ல தலைமையாசிரியர் என்பவர் யார்? இதை ஆராயவே ஒரு துறை இருக்கிறது நண்பர்களே, கல்வித் தலைமை ஆய்வு என்று பெயர். நம்ம காமர்ஸ் மேலாண்மைப் பாடத்துக்குப் பங்காளி முறை. அங்கிருந்து நிறையக் கடன் வாங்கி வளர்ந்த துறை.

1950களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஓங்கியிருந்த எண்ணம் இது: பள்ளியோ, ராணுவமோ, கம்பெனியோ, நிர்வாகம் எங்கும் ஒன்றுதான், ஒரே விஞ்ஞானம் போதும். வேடிக்கை என்னவென்றால், இத்துறையின் முதல் சர்வதேச இதழ் தொடங்கியது அமெரிக்காவில் இல்லை. 1963ல் ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல் என்ற சின்ன ஊரில்! ஆனாலும் கோட்பாடுகள் பெரும்பாலும் அமெரிக்கச் சரக்குதான். 1974ல் பிரிஸ்டல் மாநாட்டில் கனடாவின் தாமஸ் கிரீன்ஃபீல்ட் எழுந்து, அமைப்பு என்பது கல் மாதிரி வெளியே கிடக்கும் பொருளல்ல, அதிலுள்ள மனிதர்களின் மனதில் இருப்பது என்றார். பெரிய சண்டையே நடந்தது.

எனக்குப் பிடித்த கதை ஃபிலிப் ஹாலிங்கருடையது. 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில், ஒரே கல்வி மாவட்டத்தின் 10 தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்களை வைத்து ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார். அது பிறகு எத்தனையோ நாடுகளில் புழங்கியது. அதே மனிதர் தாய்லாந்துக்கு வேலைக்குப் போனார். 1996ல் கென்னத் லீத்வுட்டுடன் சேர்ந்து, பண்பாட்டை இந்தத் துறை கவனிக்கவே இல்லை என்று எழுதினார்.

1999ல் தாய்லாந்தில் புதிய கல்விச் சட்டம் வந்தது. அதிகாரத்தைப் பள்ளிக்குக் கொடு, எல்லோரையும் கலந்து முடிவெடு என்றது. ஆனால் அங்கே 'கிரெங் ஜாய்' என்று ஒன்று உண்டு. பெரியவர் மனம் கோணக்கூடாதே என்ற தயக்கம். மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டுவார்கள், வெளியே வந்தபின் ஒன்றும் நடக்காது. (நமக்குத் தெரியாததா?) அமெரிக்கப் புத்தகத்தை நம்பினால் அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்றே கணக்கு எழுத வேண்டியிருக்கும். அதை நம்பித் திட்டம் போட்டால் நஷ்டம் வகுப்பறைக்கு.

இதை விளக்க ஆய்வாளர்கள் கையில் எடுத்தது ஹோஃப்ஸ்டெடின் 'அதிகார இடைவெளி'. மேலாண்மைப் புத்தகங்களில் வருகிற அதே ஆள்தான். அவருடைய எண்கள் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த சர்வேயிலிருந்து வந்தவை. பள்ளி ஆசிரியரைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியரா! அதிலும் நாட்டுக்கு ஒரே மார்க். இந்தியாவுக்கு 77. காஷ்மீருக்கும் கன்னியாகுமரிக்கும் அதே 77. பழைய அளவுகோலைத் திருத்த வந்த புது அளவுகோலும் ஒரே கடையில் செய்ததுதான் என்பது என் கட்சி.

நிலைமை மாறவில்லையா? கொஞ்சம் மாறியது. ஹாலிங்கரும் டேரன் பிரையன்ட்டும் 8 முக்கிய இதழ்களைப் புரட்டி, 2000 முதல் 2011 வரை கிழக்காசியா பற்றி வந்தவை 184 கட்டுரைகள் என்று 2013ல் கணக்குக் காட்டினார்கள். அதில் பெரும்பங்கு குட்டி ஹாங்காங்குக்கு. அந்த 8 இதழ்களும் ஆங்கில இதழ்கள். ஜப்பானியரோ தாய்லாந்துக்காரரோ தங்கள் மொழியில் எழுதியது எவ்வளவாக இருந்தாலும் அந்தக் கணக்கில் ஏறாது.