காயம்பட்டவரின் பங்கு: குற்ற இழப்பீட்டின் இந்திய வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

குற்ற வழக்கின் தலைப்பில் பெரும்பாலும் இரண்டு பெயர்களே இருக்கும். ஒருபுறம் அரசு, மறுபுறம் குற்றம் சாட்டப்பட்டவர். வெட்டுப்பட்டவரின் பெயர் அரசுத் தரப்புச் சாட்சிகளின் வரிசையில்தான் வரும். அவர் கூண்டேறித் தழும்பைக் காட்டிவிட்டு வீடு திரும்புவார். சிகிச்சைக்கு வாங்கிய கடனை யார் அடைப்பது? 2009 டிசம்பர் 31 வரை நமது குற்ற விசாரணை முறைச் சட்டம் இதற்குத் தந்த விடை ஒன்றுதான்: குற்றவாளி கொடுக்கட்டும், அதுவும் நீதிமன்றம் ஆணையிட்டால்.

இந்தக் கேள்வி பழையது. உறுப்பைச் சிதைத்தவனோ இரத்தக் காயம் விளைவித்தவனோ குணமாகும்வரை ஆகும் செலவைக் கொடுக்க வேண்டும் என்று மனுநீதி நூல் விதிக்கிறது. அர்த்தசாஸ்திரத்திலும் இக்கருத்து உண்டு. ஆனால் இவற்றைப் பொற்காலச் சான்றுகளாக எடுத்துக்கொள்வதற்கில்லை. அடித்தவர் எந்த வருணம், அடிபட்டவர் எந்த வருணம் என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறிய முறை அது.

நம் காலத்துச் சிக்கலின் வேர் கம்பெனி ஆட்சியில் இருக்கிறது. வங்காளத்தின் குற்றவியல் நீதிமன்றங்கள் இஸ்லாமியச் சட்டத்தின்படி இயங்கின. அதில் கொலையுண்டவரின் வாரிசுகள் மன்னிக்கலாம், அல்லது ‘தியத்’ என்னும் இரத்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். உடற்காயங்களுக்கும் ஈட்டுத்தொகை உண்டு. கார்ன்வாலிஸ் காலத்துச் சீர்திருத்தங்கள் 1790களில் வாரிசுகளின் மன்னிக்கும் உரிமையைப் பறித்தன. தனிநபருக்குச் செல்ல வேண்டிய தொகையும் சிறைத்தண்டனையாக மாற்றப்பட்டது. வங்காளத்தில் நிகழ்ந்த இந்த மாற்றத்தை ஆராய்ந்த யோர்க் ஃபிஷ், 1983இல் வந்த தம் நூலுக்கு ‘மலிவான உயிர்கள், அரிய உறுப்புகள்’ என்ற பொருள்படத் தலைப்பிட்டார். பணக்காரன் கொலைக்கு விலை கொடுத்துத் தப்பும் வழி அடைபட்டது நன்மையே. ஆனால் அதே கதவு காயம்பட்டவரின் முகத்திலும் சாத்தப்பட்டது. குற்றம் இனி அரசுக்கு எதிரானது, அபராதமும் அரசுக்கே உரியது என்றாயிற்று.

வேண்டியபோது இழப்பீடு வசூலிக்கக் காலனிய அரசுக்குத் தெரியாமல் இல்லை. 1861ஆம் ஆண்டின் காவல் சட்டத்தில் 1895இல் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவைப் பாருங்கள். கலவரப் பகுதியாக அறிவிக்கப்பட்ட ஊரில் எவரேனும் இறந்தாலோ கொடுங்காயமுற்றாலோ, ஊர்மக்களிடமே வசூலித்து இழப்பீடு தர மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு அது அதிகாரம் தந்தது. ஊர் முழுவதையும் பொறுப்பாளியாக்கிய அந்த அரசு தன்னை மட்டும் அதிலிருந்து விலக்கிக்கொண்டது.

1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 545ஆம் பிரிவு, அபராதத்தில் ஒரு பகுதியைக் காயம்பட்டவருக்குத் தரலாம் என்றது. உரிமையியல் நீதிமன்றத்தில் கணிசமான இழப்பீடு பெறத்தக்க வழக்காக அது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 357ஆம் பிரிவு ‘கணிசமான’ என்பதை நீக்கியது. அபராதம் விதிக்கப்படாத வழக்கிலும் இழப்பீடு வழங்கலாம் என்று உட்பிரிவு 3ஐச் சேர்த்தது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் அன்று விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சம் 5,000 ரூபாய் என்பதை நினைவில் கொண்டால் இந்த உட்பிரிவின் அருமை புரியும். இதற்கு உச்சவரம்பு கிடையாது. ஆயினும் இரண்டு பூட்டுகள் எஞ்சின. குற்றம் நிரூபணமாக வேண்டும். அபராதத்திலிருந்து தரப்படும் தொகையோ மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை, மேல்முறையீடு செய்யப்பட்டால் அது தீரும்வரை, கைக்கு வராது. எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை அவ்வளவு நாள் காத்திருக்குமா?

இருந்த அதிகாரமும் பயன்படவில்லை. ஹரி சிங் எதிர் சுக்பீர் சிங் வழக்கில் தாக்கப்பட்டவர் பேச்சுத்திறனை இழந்திருந்தார். 1988இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 50,000 ரூபாயாக உயர்த்தியதோடு, இப்பிரிவைத் தாராளமாகப் பயன்படுத்துமாறு எல்லா நீதிமன்றங்களையும் கேட்டுக்கொண்டது. 25 ஆண்டுகள் கழித்து, அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் (2013) அதே நீதிமன்றம் அதே குறையைச் சுட்ட நேர்ந்தது. ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு பற்றி மனம் செலுத்தி, தரினும் மறுப்பினும் காரணம் எழுத வேண்டும் என்பதை அது கட்டாயமாக்கியது. சட்டத்தில் ‘லாம்’ என்று முடியும் வினைச்சொல்லுக்கு நம் நீதிமன்றங்களில் என்ன நேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அரசே பணம் தர வேண்டும் என்ற எண்ணம் வேறொரு பாதையில் வந்தது. விடுதலையான பின்னும் 14 ஆண்டுகள் பீகார் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983இலும், ஒடிசாவில் காவலில் மகனை இழந்த நீலாபதி பெஹராவுக்கு 1993இலும் அரசமைப்புச் சட்டத்தின் பெயரால் இழப்பீடு கிடைத்தது. அங்கே தவறிழைத்தது அரசு. தெருவில் யாரோ ஒருவர் குத்திய காயத்துக்கு அரசு ஏன் தர வேண்டும்? நியூசிலாந்து 1963இல் சட்டமியற்றியும் பிரிட்டன் 1964இல் திட்டம் வகுத்தும் தரத் தொடங்கின. ஐ.நா. பொதுச்சபை 1985இல் இதைப் பிரகடனமாக்கியது. என் பார்வையில், இந்தியாவில் இதற்கான வாதம் இன்னும் வலுவானது: அபராதத்தையும் வழக்கு நடத்தும் உரிமையையும் தனதாக்கிக்கொண்ட அரசு, கடமையை மட்டும் உதற முடியாது.

2008ஆம் ஆண்டுத் திருத்தம் கொணர்ந்த 357ஏ பிரிவு அந்தப் பூட்டுகளைத் திறந்தது. வழக்கு விடுதலையில் முடிந்தாலும் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். குத்தியவர் யாரென்றே தெரியாவிட்டாலும் காயம்பட்டவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். பணம் மாநில நிதியிலிருந்து வரும்.

திட்டங்களை வகுக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டதால் ஒரே காயத்துக்கு எல்லைக்கோட்டின் இருபுறமும் வெவ்வேறு விலை ஏற்பட்டது. லட்சுமி எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் அமில வீச்சுக்குக் குறைந்தது 3 லட்சம் ரூபாய் என்றும், அதில் 1 லட்சத்தை 15 நாளுக்குள் தர வேண்டும் என்றும் ஆணையிட்டது. அந்த 15 நாள்தான் இத்தீர்ப்பின் உயிர் என்பேன். பின்னர் 2018இல் பெண்களுக்கென வந்த தேசியத் திட்டம், அமிலத்தால் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம் என வரையறுத்தது.

இழப்பீட்டோடு இன்னொன்றும் 2009இல் நடந்தது. ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற சொல்லுக்கு நம் குற்ற விசாரணை முறைச் சட்டம் முதன்முறையாக இலக்கணம் வகுத்தது. இழப்பீடு போதாது என்று மேல்முறையீடு செய்யும் உரிமையும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அவ்விலக்கணம், குற்றச்சாட்டுக்கு ஆளானவரின் எந்தச் செயலுக்காகக் குற்றம் சாட்டப்பட்டதோ அதனால் காயமுற்றவர் என்றே பேசியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இழப்பீட்டுப் பிரிவின் எண் 396. இலக்கணத்தில் ‘குற்றம் சாட்டப்பட்ட செயல்’ என்னும் வரையறை விடப்பட்டுள்ளது. ‘குற்றம் சாட்டப்பட்டவரின் செயல்’ என்பதே போதுமானதாகிவிட்டது. எவர் மீதும் குற்றம் சாட்டப்படாத வழக்கில் காயம்பட்டவரோ, அந்த இலக்கணத்துக்குள் இன்னும் முழுமையாக அடங்கவில்லை. அவருக்கு 396ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவே துணை.