பதிவேட்டின் முதல் பெயர்

மதுரையிலிருந்து நெல்லைக்குப் போகும் சாலையில், கரிசல் காட்டின் தென்கோடியில் இருக்கிறது கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர். பாளையக்காரர்களும் கும்பினியும் மோதிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கயத்தாறுக்குத் தெற்கே பாளையங்கோட்டையில் இன்னொரு வரலாறும் வேர்விட்டது. அதை ஊன்றியவர் ஒரு பெண்.

குளோரிந்தா, தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவரை உடன்கட்டையிலிருந்து மீட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவரோடு வாழ்ந்த காலத்திலேயே கிறிஸ்தவத்தை அறிந்து, ஞானஸ்நானம் கேட்டார் குளோரிந்தா. திருமணமாகாத உறவு என்பதால் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பின், 1778-ல்தான் அதே ஸ்வார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

மறுப்பைக் கேட்டு ஒதுங்கிப் போகிறவராக அவர் இல்லை. தான் அறிந்ததைச் சுற்றியிருந்தவர்களுக்குச் சொன்னார். 1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் குளோரிந்தா. ஆலயம் கட்ட முன்னின்றவரும் அவர்தான். சபைக்கு ஊழியர் வேண்டும் என்று தஞ்சாவூரில் இருந்த ஸ்வார்ட்ஸுக்குச் சொல்லி அனுப்பாமல், தானே போய்க் கேட்டார். 1785-ல் ஸ்வார்ட்ஸ் வந்து ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். சத்தியநாதன் உபதேசியாராக அனுப்பப்பட்டார். ஒரு விதவையின் சொல்லை ஏற்று ஒரு மிஷன் நடந்துகொண்டது, அந்த நாளில் சிறிய காரியமில்லை. நெல்லைச் சீமையின் மிகப் பெரிய திருச்சபை அங்கிருந்துதான் வளர்ந்தது.

ஆனாலும் அந்த மரியாதைக்கு ஓர் எல்லை இருந்தது. சத்தியநாதனுக்கு 1790-ல் குருப்பட்டம் கிடைத்தது. சபையைத் தொடங்கிய பெண்ணுக்கு அப்படி ஒரு வழியே அன்றைய திருச்சபையில் இல்லை. மக்கள்தான் அவருக்கு உரியதைச் செய்தார்கள்: ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தார்கள். பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா 1915-ல் அவரை நாயகியாக்கி ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

அடுத்த நூற்றாண்டில் அந்த எல்லையை இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தவர்கள் உண்டு. மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1896-ல் நெல்லைப் பகுதிக்கு வந்தார். அவரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்த தமிழ்ப் பெண்கள் குழுவில் பொன்னம்மாள் என்ற இளம் விதவையும் இருந்தார். விதவை வாசலைத் தாண்டுவதே குற்றம் என்றிருந்த காலம் அது. பிற்பாடு டோனாவூரில் ஏமியின் குழந்தைகள் இல்லம் வளர்ந்தபோது, நெய்யூரில் இருந்த அதன் கைக்குழந்தைகள் பிரிவின் முழுப் பொறுப்பையும் பொன்னம்மாளிடம் கொடுத்தார் ஏமி. கைக்குழந்தைகளின் உயிரை நம்பி ஒப்படைப்பதைவிடப் பெரிய மரியாதை எது? 1915-ல் பொன்னம்மாள் மறைந்த பிறகு, அவருடைய வாழ்க்கையைத் தனி நூலாகவே எழுதினார் ஏமி. வெள்ளையர் ஆட்சி நடந்த நாட்டில், ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் தமிழ்த் தோழியை உதவியாளராக மட்டும் பார்க்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதில் பெண்களுக்குக் குருப்பட்டம் கிடைத்தது 1970-களில்தான். 2013-ல் நந்தியால் பேராயராகப் புஷ்ப லலிதா பொறுப்பேற்றார். அத்திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர். பாளையங்கோட்டைப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயர் முதலில் எழுதப்பட்டதிலிருந்து கணக்கிட்டால் 233 ஆண்டுகள்.

பெண்களை மதிக்கிறோம் என்று மேடையில் சொல்வது எளிது. ஸ்வார்ட்ஸ் ஒரு பெண்ணின் கோரிக்கையை ஏற்றார். ஏமி ஒரு பெண்ணிடம் பொறுப்பைக் கொடுத்தார். மரியாதை அப்படித்தான் செயலாகும். ஆலயத்தைக் கூட்டுவதும் அசன விருந்துக்குக் காய் நறுக்குவதும் மட்டுமே பெண்கள் வேலை என்று இன்றும் நினைக்கிற சபைகள் இருக்கின்றன. சேகரக் கமிட்டியிலும் பிரசங்க பீடத்திலும் அவர்களுக்குச் சரிபாதி இடம் கொடுங்கள். அது சலுகை ஆகாது. இந்த மண்ணில் சபையைத் தொடங்கியவருக்கு நாம் இன்னும் தீர்க்காத கடன்.